கண்புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, மலையேறத் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூரைக் கடந்து செல்கிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவு. உருண்டு திரண்ட பாறைகளுக்கிடையே பாய்ந்து வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் நீரோடையே ஊருக்கும் பெயர் தந்திருக்கிறது. சுற்றிலும் காடு, காட்டுக்குள் காணி மக்களின் குடியிருப்புகள், மேலே தேயிலைத் தோட்டங்கள். வழுக்கும் பாறையில் கால்வைத்து நடக்க வேண்டிய இத்தகைய நிலத்தில், கண் மங்கிய முதியவருக்கு நேரும் இடர் சமவெளியில் இருப்பவருக்கு நேர்வதைவிடப் பெரியது. பாறை எது, பாறையின் நிழல் எது என்று தெரியாமல் ஒருமுறை கால் தவறினால் இடுப்பெலும்பு முறிந்து, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் படுக்கையிலேயே கழியக்கூடும்.

கேரளத்தில் இந்நோயைத் திமிரம் என்பர். தமிழ்நாட்டில் புரை என்பர். பெயர் வேறாயினும், சிகிச்சைக்கு ஏன் இன்னும் செல்லவில்லை என்று கேட்டால் மலையடிவாரத்திலும் சமவெளியிலும் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகு பார்க்கலாம்." இவ்விடையை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், ஒரு காலத்தில் மருத்துவர்களே கூறிய அறிவுரை இது. அன்று அது தவறும் அன்று. அறுவைச் சிகிச்சையின் முறை மாறிவிட்டது. அறிவுரை மட்டும் மாறாமல் ஊர்களில் தங்கிவிட்டது. முறை எவ்வாறு மாறியது என்பதை விளக்கினாலன்றி இப்பழைய அறிவுரையை மக்கள் மனத்திலிருந்து அகற்ற இயலாது. ஊர்ப் பணியாளரும் ஆசிரியரும் அதன் காரணத்தை அறிந்திருப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

புரை என்பது யாது?

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடியைப் போலக் கவிந்திருக்கும் தெளிந்த பாகம் கருவிழிப் படலம் எனப்படும். அதற்குப் பின்னால், பாவை என்னும் கரிய துளையை ஒட்டி, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள லென்ஸ் ஒன்று மெல்லிய நார்களால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. இதற்கு இரத்தக் குழாய் கிடையாது. நீரும் புரதமும் ஓர் ஒழுங்கில் அமைந்திருப்பதாலேயே இது பளிங்கு போல் தெளிந்திருக்கிறது. வயது ஏற ஏறப் புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகின்றன. இம்மங்கலே புரை. அது கண்ணின்மேல் வளரும் சதையோ தோலோ அன்று. கண்ணுக்குள்ளே உள்ள லென்சே நிறம் மாறிக் கெட்டிப்படுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், புகையிலை, விறகடுப்பின் புகை, நீரிழிவு, ஸ்டிராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல் ஆகியவை இதனை விரைவுபடுத்துகின்றன. சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ புரையைக் கரைக்க இயலும் என்று இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி.

"கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று கிராமங்களில் கூறுவதுண்டு. இச்சொல் இருவேறு நோய்களுக்கு வழங்குவதால் குழப்பம் விளைகிறது. காயத்தாலோ புண்ணாலோ கருவிழிப் படலத்தின் மேலேயே விழுந்த வெள்ளைத் தழும்பு ஒன்று. பாவைக்குள்ளே, ஆழத்தில், சாம்பல் அல்லது வெண்ணிறமாகத் தெரியும் புரை மற்றொன்று. கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் செலுத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். முன்னதற்குச் சிகிச்சை முற்றிலும் வேறு. ஒன்றுக்குச் செய்த சிகிச்சை பயனளிக்கவில்லை என்ற செய்தி பரவி, மற்றதற்கும் மக்கள் வர மறுப்பது களப்பணியில் காணக்கூடிய நிகழ்ச்சியே.

லென்சின் அமைப்பை மாணவர்க்கு விளக்க மாம்பழம் நல்ல உவமை. வெளியே மெல்லிய தோல். அதுவே லென்சின் உறை. உள்ளே மென்மையான சதை. நடுவே கொட்டை, வயதானவர்களின் லென்சில் இந்நடுப்பகுதி உண்மையிலேயே கெட்டியாக, பழுப்பு நிறமாக இருக்கும். பின்வரும் வரலாறு முழுவதும் இத்தோல், சதை, கொட்டை ஆகிய மூன்றையும் என்ன செய்வது என்பதைப் பற்றியதே எனலாம்.

ஊசியிலிருந்து கத்திக்கு

புரைக்கு ஊசியால் செய்யும் சிகிச்சை சுசுருத சம்ஹிதையில் கூறப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் நாடோடி வைத்தியர் கையாண்ட முறையில், ஊசி கண்ணுக்குள் செலுத்தப்பட்டு, மங்கிய லென்ஸ் பாவையின் பாதையிலிருந்து கீழே தள்ளப்பட்டது. லென்ஸ் வெளியே எடுக்கப்படுவதில்லை. கண்ணின் உள்ளேயே அமிழ்ந்து கிடக்கும். திரை விலகியதால் உடனே ஒளி தெரியும். வைத்தியர் கூலி பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குச் சென்றுவிடுவார். பின்னர் அழற்சியாலும் கண்ணினுள் அழுத்தம் மிகுவதாலும் பல கண்கள் கெட்டன. சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இம்முறையால் கெட்ட கண்களை ஆராய்ந்து 1917-இல் தனி நூலே எழுதினார். 1819-இல் தொடங்கப்பெற்ற அம்மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் நடத்திய தன்வந்தரி மகாலில் சிகிச்சை பெற்ற கண் நோயாளரைப் பற்றிய குறிப்பேடுகளும் அதே காலத்தைச் சேர்ந்தவை. அவை இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

லென்சைத் தள்ளிவிடாமல் வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சு நாட்டு மருத்துவர் ழாக் தாவியேல் 1747-இல் தொடங்கி, 1752-இல் பாரிஸ் அறுவை மருத்துவக் கழகத்துக்கு அறிவித்தார். கருவிழியின் ஓரத்தைக் கீறி, உறையைத் திறந்து, கொட்டையை வெளியே தள்ளினார். இங்கேதான் "முற்றட்டும்" என்ற அறிவுரை பிறக்கிறது. முற்றாத புரையில் சதைப் பகுதி ஒட்டிக்கொண்டு உள்ளே தங்கிவிடும். நுண்ணோக்கி இல்லாத அந்நாளில் அதனைக் காணவும் இயலாது. கழுவி எடுக்கக் கருவியும் இல்லை. தங்கிய சதை பருத்துக் கடும் அழற்சியை விளைவிக்கும். முற்றிய புரையோ உறையிலிருந்து எளிதில் கழன்று வந்துவிடும். ஆகவே, பழுக்கும்வரை காத்திருப்பதே அன்றைய மருத்துவருக்கு அறிவுடைமையாயிருந்தது. 1884-இல் கார்ல் கோலர் கொக்கெய்ன் மருந்தின் சொட்டுகளால் கண்ணை மரக்கச் செய்யும் வரை நோயாளி இத்தனையையும் உணர்வோடு தாங்க வேண்டியிருந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தோலை விட்டுச் சதையை எடுப்பது தொல்லையாயிருப்பின், பழத்தை முழுதாகவே எடுத்துவிட்டால் என்ன? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலுள்ள ஜலந்தரில் பணியாற்றிய ஹென்றி ஸ்மித் இவ்வழியைப் பெருமளவில் கையாண்டார். கண்ணை வெளியிலிருந்து அழுத்தி, உறையோடு கூடிய லென்சை அப்படியே பிதுக்கி எடுத்தார். இம்முறை உலகெங்கும் 'இந்திய முறை' எனப் பேசப்பட்டது. பின்னர் அழுத்துவதற்குப் பதிலாகப் பற்றியெடுக்கும் கருவிகள் வந்தன. 1961-இல் போலந்து நாட்டின் கிரவாவிச், கடுங்குளிரூட்டிய முனையில் லென்சை உறைந்து ஒட்டச் செய்து எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் பள்ளிக் கட்டடங்களிலும் சத்திரங்களிலும் நடந்த கண் முகாம்களில் பல்லாண்டுகள் வழங்கியது உறையோடு எடுக்கும் இம்முறையே. இன்று அறுபதைக் கடந்த ஆசிரியர் பலர் தம் பாட்டனார் தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் நாட்கணக்கில் படுத்திருந்ததைச் சிறு வயதில் கண்டிருக்கக்கூடும். கருவிழியின் சுற்றளவில் ஏறத்தாழப் பாதியைக் கீறிய காயம் அது. இருமினாலும் திறந்துகொள்ளும்.

கண்ணாடியின் தொல்லை

அக்காலத்துச் சிகிச்சையின் பெருங்குறை காயத்தின் அளவு மட்டுமன்று. லென்சை எடுத்த கண்ணுக்கு ஒளியைக் குவிக்கும் ஆற்றல் பெரிதும் குறைந்துவிடும். அதற்கு ஈடாக ஏறத்தாழப் பத்து டயாப்டர் ஆற்றலுள்ள தடித்த கண்ணாடி தரப்பட்டது. அக்கண்ணாடியினூடே பொருள்கள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகத் தோன்றும். ஆகவே, அருகில் இருப்பதாகவும் தோன்றும். குவளையை எடுக்க நீட்டிய கை அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். பார்வையின் ஓரத்தில் வளையம் போன்ற ஒரு பகுதி முற்றிலும் தெரியாது. பக்கத்திலிருந்து வருபவர் திடீரென முளைத்தாற்போல் எதிரே நிற்பார். கல்லாறு போன்ற ஊரில் நீரோடையைத் தாண்டுபவருக்கு அடுத்த கல் எட்டிவிடும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுவது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை செய்துகொண்டவர் நிலை இன்னும் மோசம். இரு கண்களிலும் இருவேறு அளவுள்ள உருவங்கள் விழுவதால் மூளை அவற்றை இணைக்க இயலாது தடுமாறும். ஆகவே, இரு கண்ணும் ஏறத்தாழக் குருடாகும்வரை மருத்துவர் கத்தியைத் தொடத் தயங்கினர். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அம்முதியவர் மீண்டும் பார்வையற்றவரே. சிகிச்சை வெற்றி பெற்றும் பார்வை பெறாதவர் என ஒரு கூட்டமே இவ்வாறு நாட்டில் இருந்தது.

இதற்கு விடை இங்கிலாந்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் மேல்மூடி குண்டுபட்டுச் சிதறியபோது, அதன் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தன. மற்ற பொருள்களைப் போலன்றி, இச்சில்லுகள் கண்ணில் எரிச்சலின்றிக் கிடந்ததைக் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். பின்னாளில் ஒரு புரைச் சிகிச்சையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த லென்சுக்குப் பதிலாக வேறு லென்ஸ் வைப்பதில்லையா என்று கேட்டார். மாணவரின் இக்கேள்வி ரிட்லியின் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டது. 1949 நவம்பர் 29-ஆம் நாள் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் அதே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன லென்சை ஒரு கண்ணுக்குள் பொருத்தினார். மூத்த மருத்துவர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். முதல் லென்சுகள் கனமானவை, சில நழுவின, தொல்லைகளும் நேர்ந்தன. குறைகள் நீங்கி இம்முறை எங்கும் ஏற்கப்பட முப்பது ஆண்டுகள் பிடித்தன.

செயற்கை லென்சை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியே மீண்டும் தாவியேலின் வழிக்கு மருத்துவரைத் திருப்பியது. பழத்தை முழுதாக எடுத்துவிட்டால் புது லென்சுக்குத் தாங்கல் இல்லை. தோலின் முன்பகுதியை மட்டும் வட்டமாகத் திறந்து, கொட்டையையும் சதையையும் எடுத்து, எஞ்சிய தோலைப் பையாக விட்டுவைத்தால் லென்ஸ் அதற்குள் இயற்கையான இடத்திலேயே அமர்ந்துகொள்ளும். தாவியேலுக்கு இல்லாத இரு வசதிகள் இப்போது இருந்தன. ஒன்று, அறுவைச் சிகிச்சை நுண்ணோக்கி. சதையின் ஒவ்வொரு துணுக்கும் அதில் தெரியும். மற்றொன்று, நீரைப் பாய்ச்சிக்கொண்டே உறிஞ்சும் குழல். முற்றாத புரையின் ஒட்டும் சதை இனி அபாயம் அன்று. பெரிதாகத் தோன்றும் கண்ணாடியும் தேவையில்லை. காத்திருப்பதற்கு இருந்த இரு காரணங்களும் இவ்வாறு ஒருசேர நீங்கின.

துளையின் அளவு

எஞ்சியது காயத்தின் அளவு. உறையை விட்டு எடுக்கும் முறையிலும் கொட்டையை முழுதாக வெளியேற்ற 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை கீற வேண்டும், தையல்கள் தேவை. தையலின் இழுப்பால் கருவிழியின் வளைவு கோணிப் பார்வை கலங்கும்.

அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரிடம் சென்றிருந்தபோது பல்லின் காறையை அகற்றும் அதிர்வுக் கருவியைக் கண்டார். செவிக்கு எட்டாத ஒலியின் விரைவில் அதிரும் முனை, பல்லை அசைக்காமலே காறையைப் பெயர்த்தது. 1967-இல் அவர் இதனைக் கண்ணுக்குக் கையாண்டார். நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிரும் நுண்ணிய ஊசி கண்ணுக்குள்ளேயே கொட்டையைப் பொடியாக்கி உறிஞ்சிக்கொள்கிறது. இன்று இதற்குத் தேவைப்படும் துளை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரையே. மடிக்கக்கூடிய லென்ஸ் அத்துளை வழியே சுருட்டிச் செலுத்தப்பட்டு உள்ளே விரிகிறது. தையல் இல்லை, பல நேரங்களில் ஊசிக்குப் பதிலாகச் சொட்டு மருந்தே கண்ணை மரக்கச் செய்யப் போதுமானது.

மக்கள் இதனை 'லேசர் ஆபரேஷன்' என்கின்றனர். அது பிழை. புரையை உடைப்பது ஒலி அதிர்வே. கீறலையும் உறைத் திறப்பையும் லேசரால் செய்யும் கருவி 2008-இல் ஹங்கேரியில் முதன்முதலாகக் கையாளப்பட்டது உண்மை. ஆனால் அதிலும் பொடியை உறிஞ்சி எடுப்பது பழைய கருவியே. செலவு மிகுதி. சாதாரணப் புரைக்கு அதனால் பார்வையில் பெரும் வேறுபாடு காணப்படவில்லை.

ஒலி அதிர்வு முறையில்தான் காத்திருப்பதன் தீமை தெளிவாகத் தெரிகிறது. கருவிழிப் படலத்தின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக அமைந்த உயிரணுக்கள் அதிலுள்ள நீரை வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அழிந்த அணுக்கள் மீண்டும் உண்டாவதில்லை. புரை கெட்டிப்படக் கெட்டிப்பட அதனை உடைக்க மிகுந்த அதிர்வு தேவை. அதிர்வு மிகுந்தால் இவ்வணுக்கள் மிகுதியாக அழியும். முன்பு பழுத்த புரை மருத்துவருக்கு எளிது. இன்று பழுத்த புரையே அவருக்குக் கடினம்.

மதுரையின் பங்கு

ஒலி அதிர்வுக் கருவி விலை மிக்கது. மின்சாரமும் பழுதுபார்ப்பும் தேவை. மேலும், நம் நாட்டில் மருத்துவமனைக்கு வரும் புரைகளுள் பல, மேற்கூறிய காத்திருப்பின் விளைவாக, கல்லைப் போல் கெட்டிப்பட்டவை. இவற்றுக்கு ஏற்ற முறையாக வளர்ந்ததே கைக்கருவியால் செய்யும் சிறு கீறல் முறை. இஸ்ரேல், நேபாளம், இந்தியா ஆகிய நாடுகளின் மருத்துவர் இதனை உருவாக்குவதில் பங்குகொண்டனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதனைப் பெருமளவில் செயற்படுத்திப் பலருக்கும் கற்பித்தது.

இம்முறையில் கீறல் கருவிழியில் அன்று, வெண்விழியில் அமைகிறது. 6 அல்லது 7 மில்லிமீட்டர் அகலத்தில், வெண்விழியின் கனத்துக்குள்ளேயே சாய்வான சுரங்கம் ஒன்று வெட்டப்படுகிறது. சுரங்கத்தின் வெளிவாய் குறுகியது, உள்வாய் அகன்றது. கெட்டியான கொட்டை உடைக்கப்படாமல் இச்சுரங்கத்தின் வழியே வழுக்கி வெளியேறுகிறது. வழியில் கருவிழியின் உயிரணுக்கள் உராயாதபடி தெளிந்த பிசுபிசுப்பான திரவம் உள்ளே நிரப்பப்படும். இத்திரவத்தின் முதல் வகை சேவலின் கொண்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் மலிவான வேறு வகைகள் வந்தன. வேலை முடிந்ததும் சுரங்கத்துக்குத் தையல் வேண்டுவதில்லை. கைப்பம்பிலுள்ள தோல் வால்வு நீரின் அழுத்தத்தாலேயே அழுந்தி மூடிக்கொள்வது போல, கண்ணின் உள்ளழுத்தமே சுரங்கத்தின் உட்புற மடலை அழுத்தி மூடிவிடுகிறது. தேர்ந்த கைக்குப் பத்து நிமிடமும் ஆவதில்லை. நேபாளத்தில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பின் 100 பேரில் 98 பேர் இரு முறையிலும் 6/18-க்கு மேற்பட்ட பார்வை பெற்றிருந்தனர். ஏழைக்குச் செய்யும் முறை என்பதால் தாழ்ந்த முறை என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

அரவிந்த் மருத்துவமனையை 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி. இளமையிலேயே முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன அவர், தம் விரல்களுக்கேற்பக் கருவிகளைப் பிடிக்கப் பழகிக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார், 2006-இல் மறைந்தார். ஒரு மருத்துவர் இரண்டு மேசைகளை மாறி மாறிக் கையாள, அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தம் செய்து வைக்கும் ஒழுங்கு இங்கே நிலைபெற்றது. எனினும், லென்ஸ் கிட்டாவிடில் இத்தனை விரைவும் பழைய தடித்த கண்ணாடியில்தான் முடியும். வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. 1992-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற ஆரோலேப் அதனை இங்கேயே செய்து, 10 டாலர் அளவுக்கு விலையைக் கொண்டுவந்தது. புரைச் சிகிச்சையின் வரலாற்றில் புதிய கத்திக்குக் கொடுக்கும் இடத்தை இவ்விலைக் குறைவுக்கும் கொடுக்கலாம்.

1976-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் போக்கும் இதனோடு மாறிற்று. பள்ளிக் கட்டடத்தில் அறுவை செய்யும் முகாம்கள் மறைந்தன. இன்று முகாமில் பரிசோதனை மட்டும் நடைபெறும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவர். நுண்ணோக்கியும் கிருமியற்ற அறையும் அங்கேதான் உண்டு. கண்ணின் உள்ளே சீழ்ப்பிடிப்பதே இச்சிகிச்சையின் மிகக் கொடிய விளைவு. அறுவையின் முடிவில் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவதால் இது 10,000 பேரில் 7 என்ற அளவிலிருந்து 2-ஆகக் குறைந்ததை, ஆறு லட்சம் சிகிச்சைகளை ஆராய்ந்து அரவிந்த் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்டனர். இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பிறகும், 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், ஐம்பது வயதைத் தாண்டியோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காடு புரையாலேயே விளைந்ததாகக் காணப்பட்டது.

களத்தில் கவனிக்க வேண்டியவை

எப்போது அனுப்புவது? நாளும் செய்யும் வேலைக்குப் பார்வை போதாமையே உரிய காலம். தையற்காரருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் இது சீக்கிரம் வரும். வீட்டிலிருப்பவருக்குச் சற்றுத் தாமதமாகலாம். பாவை வெளுத்துப்போன கண்ணை மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முற்றிய புரை பருத்தாலோ கசிந்தாலோ கண்ணின் உள்ளழுத்தம் திடீரென ஏறும். கடுந்தலைவலியும் வாந்தியும் தோன்றும். வயிற்றுக்கோளாறு என்று எண்ணி இரண்டு நாள் கழிந்தால், பிறகு அறுவை செய்தும் அக்கண்ணுக்கு ஒளி திரும்பாமற்போகலாம். விளக்கின் ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக்கூட அறியாத கண்ணுக்குப் பார்வை திரும்பும் என்று உறுதி கூறி அழைத்துச் செல்லுதல் தகாது.

கோடையில் செய்துகொள்ளக் கூடாது என்ற நம்பிக்கை பெருங்காயமும் நீண்ட படுக்கையும் இருந்த காலத்தது. இன்று எப்பருவமும் ஏற்றதே. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தடை அல்ல. அவற்றைக் கட்டுப்படுத்திய பின் செய்யலாம். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்த் தடைக்காக முதியவர் உண்ணும் சில மாத்திரைகள்கூடப் பாவையைத் தளரச் செய்து அறுவையைக் கடினமாக்கும். லென்ஸ் அனைவருக்கும் ஒரே ஆற்றல் உடையதன்று; ஒவ்வொரு கண்ணின் நீளத்தையும் வளைவையும் அளந்து கணக்கிட்டே பொருத்துவர். ஆகவே, அளவெடுக்கும் நாளைத் தவறவிடலாகாது.

மணல் மூட்டையின் காலம் போய், நோயாளி அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார். இதனால் முன்பு செவிலியர் பார்த்த வேலையில் ஒரு பகுதி ஊரிலுள்ளோர் கைக்கு வந்துவிட்டது. சொட்டு மருந்து நான்கு முதல் ஆறு வாரம்வரை, குறைத்துக் குறைத்து, இடவேண்டும். கோணிய விரலும் நடுங்கும் கையும் உள்ள தனிமுதியவர் தாமே இட்டுக்கொள்ள இயலாது. யார் இடுவார் என்பதை அறுவைக்கு முன்பே முடிவு செய்தல் நல்லது. தலையில் நீர் ஊற்றுதல், கண்ணைக் கசக்குதல், விறகுக்கட்டு சுமத்தல் ஆகியவை மருத்துவர் கூறும்வரை ஆகா. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் முதலிய எதையும் கண்ணில் விடக்கூடாது. சிறிது உறுத்தல் இயல்பு. ஆனால் வலி மிகுந்து, கண் சிவந்து, முதல்நாள் தெரிந்த பார்வை அடுத்த நாள் குறையுமாயின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேருந்து மறுநாள்தான் என்றால் வேறு வண்டி பிடித்தேனும் செல்ல வேண்டும். கல்லாற்றிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் செல்லும் சில மணி நேரமும் சீழ்ப்பிடித்த கண்ணுக்குப் பெரிய காலமே.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்குவதுண்டு. "புரை திரும்ப வளர்ந்துவிட்டது" என்பர். எடுத்த புரை வளர்வதில்லை. பையாக விட்டுவைத்த தோலின் பின்பகுதி மங்குகிறது. இதற்குத்தான் உண்மையில் லேசர். சில நிமிடங்களில், கத்தியின்றி, நடுவே சிறு திறப்பு உண்டாக்கிவிடுவர்.

ஆசிரியர் கவனிக்க வேண்டுவது வேறொன்று. புரை முதியோர்க்கே உரியது அன்று. பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு உண்டு. பாவை வெண்மையாகத் தெரியும் குழந்தை, மாறுகண் உள்ள குழந்தை, கரும்பலகையைக் காணத் தலையைச் சாய்க்கும் குழந்தை ஆகியோரை மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். வெண்பாவை கண்ணிலுள்ள புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பார்க்கப் பழகும் இளம் பருவத்தில் ஒளி செல்லாத கண்ணை மூளை ஒதுக்கிவிடுகிறது. பின்னர் எத்தனை நல்ல லென்ஸ் வைத்தாலும் அக்கண் பார்ப்பதில்லை. பெரியவர் சில மாதங்கள் காத்திருந்தாலும் பார்வை மீளலாம். குழந்தைக்கு வாரங்களே கணக்கு.

சொட்டு மருந்து முடிந்தபின் ஒருமுறை கண்ணாடிப் பரிசோதனை உண்டு. பொருத்தும் லென்ஸ் பெரும்பாலும் தொலைவுப் பார்வைக்கே அமைவதால், அரிசியில் கல் பார்க்கவும் படிக்கவும் மெல்லிய கண்ணாடி தேவைப்படும். நன்றாகத் தெரிகிறது என்று எண்ணிப் பலர் இப்பரிசோதனைக்குச் செல்வதில்லை. அந்நாளையும், மற்றக் கண்ணுக்கு எப்போது வரச்சொன்னார்கள் என்பதையும் பணியாளர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.